ஒத்தக்கடையோடு நிற்கும் கோடு

மதுரை, கோவை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது என்று 2025 நவம்பரில் செய்தி வந்தது. அந்த வாரம் முழுக்க மேலூர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. "ஆக்ராவுக்குக் குடுத்துருக்காய்ங்க, போபாலுக்குக் குடுத்துருக்காய்ங்க. மதுரைன்னா மட்டும் அம்புட்டு எளக்காரமா?" என்று ஒரு பெரியவர் கொதித்தார். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகிற அக்கா ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டே, "அட விடுங்கண்ணே. வந்தாலும் அது ஒத்தக்கடையோட நின்னுரும். நமக்கு எப்பவும்போல பஸ்ஸுதான்" என்றார்.

பெரியவர் பேசியது ஊர்ப் பெருமை. அக்கா பேசியது அன்றாடப் பாடு. போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, கடைசிக் காலத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்து, வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இரண்டு பேச்சுமே முக்கியம். ஆனால் முதல் பேச்சு மேடை வரைக்கும் போய்விட்டது, இரண்டாவது டீக்கடையிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

திட்டம் இதுதான். திருமங்கலத்தில் தொடங்கி திருப்பரங்குன்றம், பசுமலை, மதுரை ரயில் நிலையம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி, உயர்நீதிமன்றக் கிளை வழியாக ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர். பெரும்பகுதி தூண்கள்மேல் ஓடும். பழைய ஊருக்கு அடியில் மட்டும் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சுரங்கம். செலவு 11,300 கோடி ரூபாய்க்கு மேல். 2017-ல் மத்திய அரசு வகுத்த மெட்ரோ கொள்கை, இருபது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே மெட்ரோ என்கிறது. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகரும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து பதினான்கரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டின. ஆக்ராவும் போபாலும்கூட அந்தக் கணக்கெடுப்பில் இருபது லட்சத்தைத் தொடவில்லை. பெரியவரின் கொதிப்புக்கு அதுவே காரணம், அது நியாயமும்கூட.

எனக்கு வேறொரு கோபம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கு ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று பார்க்கிறது. பகலில் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தாக்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள், ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்கள், கொத்தனார்கள், சித்தாள்கள், காலேஜ் பிள்ளைகள். கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, கீழவளவு, வெள்ளலூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் இங்கே வந்து வண்டி மாறுகின்றன. ராத்திரி இவர்கள் மேலூர்க்காரர்கள், பகலில் மதுரைக்காரர்கள். மதுரையின் இருபது லட்சத்தை எண்ணுகிறபோது இவர்களை யாரும் எண்ணவில்லை. அதுவும் 2011 கணக்கு. 2021-ல் எடுத்திருக்க வேண்டியது எடுக்கப்படவேயில்லை.

மேலூருக்கு ரயில் கிடையாது. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்குப் பாதை போடச் சொல்லி என் இளவயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். மதுரைக்கு 1875-லேயே ரயில் வந்துவிட்டது. முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத எங்கள் ஊருக்கு ஒன்றரை நூற்றாண்டாகியும் தண்டவாளம் வரவில்லை.

அறிக்கையைத் திருப்பி அனுப்பிய கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. மதுரையின் இப்போதைய பயணிகள் எண்ணிக்கைக்குத் தனிப்பாதைப் பேருந்துத் திட்டமே பொருத்தம் என்பது அதன் சாரம். இதைத்தான் ஊரே அவமானமாக எடுத்துக்கொண்டது. ரயில் கேட்டவனுக்கு பஸ் என்றால் கோபம் வராதா? ஆனால் ஆயுள் முழுக்க பஸ்ஸோடு கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரோட்டில் ஓடுகிற வண்டி தரம் தாழ்ந்தது என்ற நினைப்பை மதுரைக்காரர்கள் விட வேண்டும். அப்படி நினைக்கத் தேவையில்லாத ஊர் இது.

டி.வி.எஸ். பஸ் ஓடிய காலத்தை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டி வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்பார். ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட்டினார்கள் என்பது மதுரையில் பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் அந்தப் பழைய ஒழுங்கில் வளர்ந்தவர்கள். நேரத்துக்கு வந்த வண்டிதான் அந்தக் காலத்து மதுரையின் பெருமை.

நேரத்துக்கு வருவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பலரும் கேட்கிறார்கள். டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அது தெளிவாகத் தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஐந்து வண்டிகளை அனுப்புகிறோம் என்று வையுங்கள். முதல் வண்டி உத்தங்குடியில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டி நாலு நிமிஷம் தாமதமாகிறது. அந்த நாலு நிமிஷத்தில் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடிவிடும். கூட்டம் ஏற இன்னும் நேரம் பிடிக்கும். இன்னும் தாமதம், இன்னும் கூட்டம். பின்னால் வருகிற வண்டிக்கு ஆள் இல்லை, அது வேகமாக வந்து முன்வண்டியை ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மூன்று வண்டி ஒன்றாக வந்து நிற்கும், அதன்பிறகு அரைமணி நேரம் ஒன்றும் வராது. "வந்தா மொத்தமா வர்றீங்க, இல்லேன்னா வர்றதே இல்ல" என்று திட்டு வாங்காத டைம் கீப்பர் யாருமில்லை. தவறு டிரைவரிடமும் இல்லை, கண்டக்டரிடமும் இல்லை. வண்டிக்கு என்று ஒரு பாதை இல்லாததுதான் கோளாறு.

தண்டவாளத்துக்கு இருக்கும் மதிப்பே அது தனக்கென்று ஒரு பாதை வைத்திருப்பதால் வந்தது. அந்தப் பாதை தூண்மேல் இருக்கலாம், சுரங்கத்தில் இருக்கலாம், ரோட்டிலேயே இருக்கலாம். ரோட்டில் போட்டால் அதற்குப் பெயர் டிராம். மத்திய அரசே 2019-ல் 'மெட்ரோலைட்' என்ற பெயரில் ஒரு வகை ரயிலுக்கு விதிமுறை வெளியிட்டது. சின்ன நகரங்களுக்கானது. இரண்டு மூன்று பெட்டிகள், பெரும்பாலும் தரையிலேயே வேலி போட்ட தனிப்பாதை, எளிமையான நிறுத்தங்கள். மெட்ரோ செலவில் பாதிக்கும் குறைவாக முடியும் என்று சொன்னார்கள். எழுத்தில் இருக்கிறது, ஆனால் இந்தியாவில் இதுவரை எந்த ஊரிலும் ஓடவில்லை. மதுரைக்கு எது வேண்டும் என்று கட்சிகள் மோதிக்கொண்டபோது இதைப் பற்றி யாரும் வாய் திறக்காதது எனக்கு வருத்தம்.

தமிழ்நாட்டுக்கு டிராம் புதிதல்ல. இந்தியாவில் முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான், 1895 மே மாதம். முதலில் மின்சாரத்தைத் தரைக்கடியில் ஒரு வாய்க்கால் வழியாகக் கொடுத்தார்கள். சென்னை மழைக்கு அது தாங்கவில்லை, பிறகு மேலே கம்பி கட்டினார்கள். 1921-ல் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின. எங்கள் சித்தப்பா பாரிமுனையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினவர். மணி அடித்துக்கொண்டே போகும் டிராமில் தொங்கிக்கொண்டு போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு அது நின்றது. பஸ்ஸோடு போட்டி போட முடியவில்லை, கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. அத்தனை தண்டவாளமும் போனது. எழுபது வருஷம் கழித்து அதே சென்னை பல்லாயிரம் கோடி செலவழித்து தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

கொல்கத்தா விடாமல் வைத்திருந்தது. 1873 பிப்ரவரியில் குதிரை இழுக்கத் தொடங்கிய டிராம், 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. 2023-ல் அதன் 150-வது ஆண்டைக் கொண்டாடினார்கள். மறுவருஷம் செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே பாரம்பரியச் சின்னமாக ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நெரிசல் என்பது அரசு சொன்ன காரணம். டிராம் ஆர்வலர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. டிராம் பாதையில் கார்களை ஓடவிட்டுவிட்டு, டிராம் மெதுவாகப் போகிறது என்று குற்றம் சொல்வது எப்படி நியாயமாகும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அது மிகச் சரியான கேள்வியாகப் படுகிறது. ஒதுங்க முடியாத வண்டிக்கு முன்னால் ஒதுங்கக்கூடிய வண்டிகளை நிறுத்தி வைத்தால் வேறென்ன நடக்கும்?

அதே 1873-ல்தான் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கேபிள் டிராம் தொடங்கியது. மேட்டுத் தெருக்களில் தரைக்கடியில் ஓடும் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் வண்டி. 1947-ல் அந்த ஊர் மேயர், இது பழைய சாமான், தூக்கிவிட்டு பஸ் விடலாம் என்றார். ஃபிரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி ஊர்ப் பெண்களைத் திரட்டினார். விஷயம் வாக்கெடுப்புக்குப் போய், டிராம் இருக்கட்டும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கு உலகம் முழுக்க இருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். ஆனால் அன்று அதைக் காப்பாற்றியது சுற்றுலாப் பயணியில்லை. தினமும் ஏறி இறங்கிய ஊர்க்காரர்கள். 1995-ல் அதே நகரம் தன் பெரிய வீதியில் பழைய டிராம்களைப் புதுப்பித்து இன்னொரு தடமும் விட்டது. அதில் வேலைக்குப் போகிறவரும் ஊர் பார்க்க வந்தவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறார்கள்.

நம் ஊருக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். மாசி வீதியில் சுற்றுலாவுக்கென்று அழகான டிராம் ஒன்று விடலாமே என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாசி வீதிகள் சித்திரைத் தேருக்கானவை. அந்த வீதிகளில் ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடித்து அம்மனையும் சுவாமியையும் இழுத்து வரும்போது மேலே ஒரு கம்பிகூடக் குறுக்கே இருக்கக்கூடாது. கம்பியில்லாமலும் டிராம் ஓடும் என்பது உண்மைதான். பிரான்சில் போர்தோ நகரம் 2003-ல் டிராம் விட்டபோது, பழைய நகரத்தின் அழகு கெடக்கூடாது என்று தரையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் முறையைக் கொண்டு வந்தது. ஆனாலும் கோயிலைச் சுற்றி நடக்கிற தூரத்துக்கு வண்டி எதற்கு? சித்திரை வீதிகளில் வாகனங்களை நிறுத்திய பிறகு அங்கே நடப்பதே எத்தனை சுகமாக இருக்கிறது!

வண்டி வேண்டிய இடம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. ஒத்தக்கடையில் இறங்கினால் எதிரே யானைமலை. ஒரே கல், நீட்டிப் படுத்த யானை. அதன் அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770 வாக்கில் குடைந்தது, முடிக்கும் முன் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. மலைமேல் சமணர் படுக்கைகள், தீர்த்தங்கரர் சிற்பங்கள். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர். இன்னொரு பக்கம் மாங்குளம், அங்கே கிறிஸ்துவுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அப்புறம் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏழு குன்றுகள், ஊற்றுகள், கண்மாய்கள், ராஜாளி கூடு கட்டும் பாறைகள், குடைவரைச் சிவன் கோயிலில் அபூர்வமான லகுலீசர் சிற்பம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இதை அறிவித்தார்கள், சுமார் 193 ஹெக்டேர். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. மேலூர் சுற்றுவட்டாரமே எழுந்தது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கி, அதே ரோட்டில், ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக நடந்தார்கள். மேலூரில் கடை திறக்கவில்லை. அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர்ப் பெருமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த நடையைத்தான் சொல்வேன்.

இந்த மலைகளைப் பார்க்க வைத்ததில் பசுமை நடைக்குப் பெரிய பங்கு உண்டு. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-ல் நண்பர்களோடு தொடங்கியது. கிரானைட்டுக்காக மலைகள் அறுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக மலைக்கு வந்து, கல்வெட்டு என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவார்கள். மேலூரில் பிறந்து வளர்ந்த நானே மாங்குளம் மலையில் முதன்முதலாக ஏறியது ஓய்வுபெற்ற பிறகுதான்.

இப்போது பினாங்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நான்தான் வழிகாட்டி. போன வருஷம் வந்த மாப்பிள்ளை, "மாமா, ஜார்ஜ் டவுன்ல ஊர் சுத்திப் பாக்க இலவச பஸ் ஓடுது. எங்க ஊருப் பாட்டிங்களும் அதுலதான் மார்க்கெட்டுக்குப் போவாங்க. இங்க திருவாதவூர் போக எதுக்கு கார் புடிக்கணும்?" என்று கேட்டார். கேள்வி சரி. திருவாதவூருக்கு டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் அடுத்தது எப்போது என்று வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? அங்கிருந்து அரிட்டாபட்டிக்கு நேராக வண்டியில்லை. கார் வைத்தால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். அதனால் மதுரைக்கு வருகிற கூட்டம் மீனாட்சி கோயில், மஹால், அழகர்கோவில் என்று பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்கு வண்டி ஏறிவிடுகிறது.

செய்ய முடியாத காரியமில்லை இது. 2024 பிப்ரவரியில் கும்பகோணத்தில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றிக் காட்ட, ஆளுக்கு 750 ரூபாய்க்கு அரசு பஸ் விட்டார்கள். நல்ல வரவேற்பு கிடைத்தது. அதே மாதிரி மாட்டுத்தாவணியில் தொடங்கி நரசிங்கம், திருவாதவூர், மேலூர், அரிட்டாபட்டி, அழகர்கோவில் என்று சுற்றி வர சனி ஞாயிறுகளில் ஒரு வண்டி விடலாம். வாரநாளில் அதே சுற்றில் சாதாரண டவுன் பஸ் ஓடட்டும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்பதால், அந்தச் சுற்று ஓடினால் முதலில் நிரப்புவது நம் கிராமத்துப் பெண்கள்தான். அதுதான் வேண்டும். ஊர்க்காரர்கள் அன்றாடம் ஏறாத தடம், கொல்கத்தாவின் மைதானத் தடம் மாதிரி வெறும் காட்சிப்பொருளாகிவிடும். அரிட்டாபட்டி மாதிரி இடத்துக்கு நூறு கார் போவதைவிட இரண்டு பஸ் போவது அந்தப் பறவைகளுக்கும் நல்லது.

டிராம் என்று பேச வந்தவன் பஸ்ஸில் முடிக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். மேலூர் ரோட்டில் ரயில் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஒத்தக்கடை தாண்டி மேலூர் வரை நாலுவழிச் சாலையின் ஓரத்தில் பல இடங்களில் இன்னும் வெட்டவெளி இருக்கிறது. இங்கே தூணும் வேண்டாம் சுரங்கமும் வேண்டாம், தரையிலேயே போட்டுவிடலாம். தடைகள் உண்டு. லாரி வேகமாக வருகிற தேசிய நெடுஞ்சாலை, குறுக்கே கடக்கிற ஊர்ச்சாலைகள், சிட்டம்பட்டி டோல்கேட். ஆனால் பத்து வருஷம் கழித்து அந்த வெட்டவெளியெல்லாம் பிளாட்டாகி, ஹோட்டலாகி, திருமண மண்டபமாகிவிடும். அப்புறம் தூண் இல்லாமல் முடியாது என்பார்கள், செலவு கட்டுப்படியாகாது என்றும் அவர்களே சொல்வார்கள். இன்றைக்கு ஒரு ஓரப்பாதையை பஸ்ஸுக்கென்று ஒதுக்கினால், நாளைக்கு அதில் தண்டவாளம் போடுவது எளிது. பஸ் தனிப்பாதையை அவமானம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ரயிலுக்கான இடத்தை அதுவரை காத்து வைப்பது அந்தப் பாதைதான்.

மதுரைத் திட்டத்தை மறுபடி எழுதப்போகிற அதிகாரிகளுக்கும், அதற்காகக் குரல் கொடுக்கும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலை ஆறு மணிக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், ஏறுகிறவர்களை எண்ணுங்கள், அந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் சேருங்கள். கோட்டை ஒத்தக்கடையில் நிறுத்தாமல் மேலூர் வரை போடுங்கள். பாதைக்கான நிலத்தை இப்போதே குறித்து வையுங்கள்.